மிதவை இருந்தால் மூழ்காதா?

"தம்பி, கீழே இவ்வளவு பெரிய மிதவை இரண்டு இருக்கின்றனவே, இது எப்படி மூழ்கும்?"

சென்ற சனிக்கிழமை கனடாவின் விக்டோரியா துறையில், நீரிலேயே ஓடி எழும்பி நீரிலேயே இறங்கும் எங்கள் மிதவை விமானத்தில் உட்கார்ந்துகொண்டு, டொரோண்டோவிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். மடியில் பேரப்பிள்ளை. ஐந்து நிமிடத்துக்கு முன்பு நான் அவர் இடுப்பில் கட்டிவிட்ட லைஃப் ஜாக்கெட் பை, இருக்கைக்கு அடியில் கிடந்தது. இதே கேள்வியை இந்தக் கோடையில் மட்டும் ஐந்தாறு குடும்பங்கள் என்னிடம் கேட்டுவிட்டன. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மிதவைகளுக்கு ஒரு கணக்கு உண்டு. விமானத்தின் உச்ச எடையைப் போல 1.8 மடங்கைத் தாங்கும்படி அவற்றைச் செய்கிறார்கள். ஒவ்வொரு மிதவையிலும் குறைந்தது நான்கு நீர்புகா அறைகள். கைப்பம்பை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் அறையாக நீரை இறைப்பதுதான் காலையில் என் முதல் வேலை. (பின்னறையில் தேங்கிய நீர் வாலைக் கனக்க வைக்கும். இறைக்காமல் கிளம்புகிறவரின் விமானத்தில் நான் ஏறமாட்டேன்.) ஆனால் இந்தக் கணக்கெல்லாம் விமானம் நிமிர்ந்து நிற்கும்வரைதான். வேகமெடுத்து ஓடும்போது மிதவையின் மூக்கு நீரில் குத்தினாலோ, எழும்பிய கையோடு கீழே விழுந்தாலோ விமானம் குப்புறக் கவிழ்ந்துவிடும். கனமான இயந்திரமும் நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறையும் மிதவைக்கு மேலே இருப்பவை. கவிழ்ந்த பிறகு மிதவை நீருக்கு மேலே, நீங்கள் நீருக்குள்ளே, தலைகீழாக, பெல்ட்டில் தொங்கிக்கொண்டு. தோணி கவிழ்ந்தாலும் தோணி மிதக்கத்தான் செய்யும். அதில் வந்தவர்கள் எங்கே என்பதுதானே கேள்வி? மிதவை கிழிந்துவிட்டால் அந்த மிதப்பும் கிடையாது.

2009 நவம்பர் 29. பிரிட்டிஷ் கொலம்பியாவின் சாட்டர்னா தீவு, லயல் துறை. காற்று குமுறி வீசிய பிற்பகலில் பீவர் என்ற வகை சிறிய மிதவை விமானம் ஒன்று எட்டுப் பேருடன் கிளம்பியது. எழும்பித் திரும்பும்போது இறக்கைகள் தாங்குவிசையை இழந்தன. நாங்கள் ஸ்டால் என்போம். அதை முன்கூட்டி உணர்த்த வேண்டிய எச்சரிக்கைக் கருவி வேலை செய்யவில்லை. பாரம் வரம்பை மீறிப் பின்பக்கம் கனத்திருந்ததால் முழுமையாக மீள முடியவில்லை. மீள்வதற்கான உயரமும் இல்லை. நீரில் மோதியதில் நான்கு கதவுகளில் இரண்டு இறுகிக்கொண்டன. விமானியும் ஒரு பயணியும் வெளியே வந்தார்கள். ஆறு பேர் இறந்தார்கள், அவர்களில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. அவர்கள் மூழ்கித்தான் இறந்தார்கள் என்பதை நான் பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். கதவு திறந்திருந்தால் என்ற எண்ணம் இன்னும் என்னை விடுவதில்லை.

கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அந்த விபத்தை ஆராய்ந்தபின், அவசரத்தில் உடனே வெளியேற ஏதுவான கதவு ஜன்னல்கள் வேண்டும், பயணிகள் லைஃப் ஜாக்கெட்டை அணிந்தே இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அணிவது 2019இல் விதியானது. விமானிகளுக்கு நீருக்கடியில் வெளியேறும் பயிற்சியும் அப்படியே. பத்தாண்டு தாமதம். இதன் பிறகும் பையைக் கழற்றிக் காலடியில் போட்டால் நான் என்ன சொல்வது?

குளிர்காலத்தில் அந்தப் பயிற்சியை நடத்துகிறவர்களில் நானும் ஒருவன். நீச்சல்குளத்தில் கூண்டு போன்ற இருக்கையில் ஆளைக் கட்டித் தலைகீழாகப் புரட்டுவோம். முதல் முறை, பழுத்த விமானிகளுக்கும் கை நேரே பெல்ட் கொக்கிக்குப் போகிறது. பெல்ட் விட்டவுடன் உடல் மிதந்து சுழல்கிறது, மூக்கில் நீர் ஏறுகிறது, வலக்கைப் பக்கம் இருந்த கதவைத் தேடி எதிர்ச்சுவரைத் தடவுகிறார்கள். பெல்ட்டில் இருந்தவரை கதவு வலக்கைப் பக்கமேதான் இருந்தது.

ஆகவே ஏறி உட்கார்ந்ததும் கதவின் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி தொடுங்கள். விமானம் கவிழ்ந்தால் ஆட்டம் நிற்கும்வரை பெல்ட்டைத் தொடாதீர்கள். முதலில் கதவைத் திறந்து, அதன் விளிம்பை ஒரு கையால் இறுகப் பற்றுங்கள். மற்றக் கையால் பெல்ட்டை விடுவியுங்கள். பற்றிய கையை விடாமல் உங்களை வெளியே இழுத்துக்கொள்ளுங்கள். லைஃப் ஜாக்கெட்டை வெளியே வந்த பிறகுதான் ஊதச் செய்ய வேண்டும். உள்ளே ஊதிவிட்டால் அது உங்களை விமானத்தின் தரையோடு சேர்த்து அழுத்திவிடும். கவிழ்ந்த விமானத்தில் தரைதானே மேலே இருக்கிறது. 1996இல் கொமொரோஸ் தீவுகளருகே கடலில் இறங்கிய எத்தியோப்பிய விமானத்தில், உள்ளேயே ஊதிக்கொண்டதால் வெளியேற முடியாமல் இறந்தவர்கள் உண்டு.

உங்கள் எடையைக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம், நாங்கள் அதை வைத்துத்தான் யாரை எங்கே உட்காரவைப்பது என்று தீர்மானிக்கிறோம். விமானி பெட்டியை முன்னால் வைக்கச் சொன்னால், சொல்லாமல் பின்னால் நகர்த்தாதீர்கள். காற்று சரியில்லை, அரைமணி பொறுப்போம் என்று அவர் சொன்னால் கப்பல் டிக்கெட்டையோ கல்யாணத்தையோ சொல்லி அவரை நெருக்காதீர்கள். படகு வைத்திருப்பவர்களிடம் தனியே ஒரு வேண்டுகோள்: விமானங்கள் ஓடும் நீர்ப்பரப்பைக் குறுக்கே கடக்காதீர்கள். 2024 ஜூன் 8 அன்று வான்கூவரின் கோல் ஹார்பரில் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு பீவரும் உல்லாசப் படகும் மோதிக்கொண்டன. வேகமெடுக்கத் தொடங்கும்போது மூக்கு எழும்பி நிற்கும்; அந்தச் சில விநாடிகள் எங்களுக்கு நேர் முன்னே இருப்பது தெரியாது.

அந்தப் பெரியவரிடம், "ஐயா, கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியைத் தொடுங்கள்" என்றேன். முதல் முறை முன் இருக்கையைத் தொட்டார். இரண்டாம் முறை ஜன்னல் கண்ணாடியை. மூன்றாம் முறை கை நேரே கைப்பிடியில் போய் நின்றது. கண்ணைத் திறந்தவர், குனிந்து பையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பிறகு, "பிள்ளைக்கு உள்ளதைக் கொடு தம்பி" என்று கையை நீட்டினார்.