மென்டர்: வழிகாட்டியா, உசாத்துணையா?

பொறியியல் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்திய நாட்களில் என் மேசை இழுப்பறையில் 20 பச்சை அட்டை நோட்டுகள் கிடக்கும். மேலே ‘மென்டர் – மென்டி பதிவேடு’ என்று ஒட்டியிருக்கும். மென்டர், மாணவரைக் கவனித்து ஆலோசனை சொல்ல ஒதுக்கப்படும் ஆசிரியர்; மென்டி, அந்த மாணவர். மாதக் கடைசியில் அத்தனையையும் அடுக்கி வைத்துக்கொண்டு, ‘வருகை குறைவு, அறிவுரை வழங்கப்பட்டது’, ‘அரியர் 2, பெற்றோரிடம் பேசப்பட்டது’ என்று ஒரே மூச்சில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். தரமதிப்பீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு மென்டருக்கு எத்தனை மாணவர் என்று கேட்பார்கள். விகிதம் சரியாக இருந்தது. அந்த 20 பேரில் ஒருவன் இரண்டு மாதமாக இரவில் தூங்கவில்லை என்பது விடுதி மெஸ்ஸில் பரிமாறும் அண்ணனுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது. அவனுக்கு மென்டர் நான்தான்.

இந்தச் சொல்லின் கதையைத் தேடிப் போனது அதற்குப் பிறகு.

மென்டர் என்பது முதலில் ஓர் ஆளின் பெயர். ஹோமரின் கிரேக்கக் காவியமான ஒடிசியில், திராய் போருக்குப் புறப்படும் ஒடிசியஸ் தன் வீட்டையும் உடைமையையும் பார்த்துக்கொள்ளும்படி விட்டுச் செல்லும் நண்பர் அவர். கம்பன் ‘கையடை’ என்பானே, நம்பி ஒருவர் கையில் ஒப்படைப்பது, அந்த மாதிரி. ஒப்படைத்தது என்னவோ அவ்வளவு நன்றாகக் காப்பாற்றப்படவில்லை. ஒடிசியஸின் மனைவியை மணக்க வந்தவர்கள் வீட்டில் டேரா போட்டு ஆடு மாடுகளைத் தின்று தீர்க்கிறார்கள். மகன் டெலிமாக்கஸ் செய்வதறியாமல் உட்கார்ந்திருக்கிறான். அவனை எழுப்பிக் கப்பலேற்றி, அப்பாவைப் பற்றி விசாரிக்கக் கூடவே போவது மென்டர் அல்ல. மென்டரின் உருவத்தில் வரும் அத்தீனா தேவி. பெயர் அவருடையது, வேலை அவள் செய்தது.

இந்தப் பெயர் பொதுச்சொல்லாக மாறியதற்கு ஹோமரைவிட பிரெஞ்சுக்காரர் ஃபெனலோன்தான் காரணம். பதினான்காம் லூயியின் பேரனுக்கு ஆசிரியராக இருந்தவர். டெலிமாக்கஸின் பயணத்தை விரித்து அவர் எழுதிய கதை 1699-இல் வெளியானது. அதில் மென்டர் பக்கத்துக்குப் பக்கம் புத்தி சொல்கிறார். அந்த மென்டர்தான் 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ‘அனுபவமுள்ள ஆலோசகர்’ என்ற பொருளில் நிலைத்தார். மூலக்கதையிலோ மென்டர் உருவில் வந்த அத்தீனா, பேச்சோடு நிற்காமல் கூடவே கப்பலேறியவள். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், தமிழ்ச் சொல் தேடும்போது உதவும்.

வேர் இன்னும் பின்னால் போகிறது. ‘மென்’ என்பது நினைத்தலைக் குறிக்கும் இந்தோ-ஐரோப்பிய வேர். சமஸ்கிருதத்தின் ‘மந்திரி’ அதே வேரில் கிளைத்தது. ஆக, மென்டரும் நம் ஊர் மந்திரியும் பங்காளிகள். பங்காளிகள் என்றால் பேச்சுவார்த்தை இருக்க வேண்டும் என்றில்லை.

‘மென்டி’ அப்படியல்ல, நேற்று முளைத்தது. மென்டர் என்பதை ‘செய்பவர்’ என்று எடுத்துக்கொண்டு, ‘செய்யப்படுபவர்’ என்று ஒட்டவைத்த சொல். ஆங்கிலத்தில் அந்தப் பொருளில் ‘மென்ட்’ என்று ஒரு வினையே கிடையாது.

சரி, தமிழில்? பலரும் ‘வழிகாட்டி’ என்று எழுதுகிறார்கள். தப்பில்லை, புரியும். ஆனால் நெடுஞ்சாலைப் பலகையும் வழிகாட்டிதான். பத்திரப் பதிவில் நிலத்துக்கு அரசு குறித்திருக்கும் விலையும் ‘வழிகாட்டி மதிப்பு’தான். பலகை கை காட்டும், கூட வராது. ‘நெறியாளர்’ முனைவர் பட்ட ஆய்வுக்குப் போய்விட்டது, மிச்சம் தொலைக்காட்சி விவாதத்துக்கு. ‘ஆலோசகர்’ என்றால் கட்டணம் நினைவுக்கு வருகிறது. ‘ஆசான்’, ‘குரு’ இரண்டிலும் பணிவு கூடிவிடுகிறது. தூக்கம் வரவில்லை என்று குருவிடம் போய் எவன் சொல்வான்?

திருக்குறளின் 45-ஆம் அதிகாரத் தலைப்பைப் பாருங்கள்: ‘பெரியாரைத் துணைக்கோடல்’. கோடல் என்றால் கொள்ளுதல். துணையைத் தேர்ந்து கொள்வது தேவைப்படுகிறவன். யாரும் பட்டியல் போட்டு ஒதுக்கித் தருவதில்லை. முதல் குறளிலேயே அந்த உறவுக்கு ‘கேண்மை’ என்று பெயர், அதாவது நட்பு. அரசனை நோக்கிச் சொன்னதுதான், இருந்தாலும் 20 வயதுப் பையனுக்கும் பொருந்துகிறது. ‘இடிக்கும் துணையார்’ என்றும் ஒரு தொடர் வருகிறது. தப்பு செய்தால் கண்டித்துவிட்டு, அப்புறமும் துணையாக இருப்பவர். அங்கேயே வரும் ‘சூழ்வார்’, கலந்து ஆராய்ந்து சொல்பவர், மிக நல்ல சொல். ஆனால் சூழ்ச்சி இன்று சதியாகிவிட்டதால் அந்தக் கதவு மூடிவிட்டது.

என் தேர்வு ‘உசாத்துணை’. உசாவுதல் என்றால் கேட்டறிதல், மனம்விட்டுக் கலந்து பேசுதல். உசாவுவதற்கென்று இருக்கும் துணை, உசாத்துணை. இலங்கைத் தமிழில் மேற்கோள் நூல்களை ‘உசாத்துணை நூல்கள்’ என்பார்கள், அந்தக் குழப்பம் வரத்தான் செய்யும். இருந்தாலும் இதை விடாமல் பிடித்துக்கொள்ளக் காரணம், ஆய்வுகள் சொல்வதும் இந்தச் சொல்லுக்குள் இருப்பதும் ஒன்றாக இருப்பதுதான்.

ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் மனநோய் என்று எல்லாம் எதிராக இருந்தவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நல்லபடியாக வளர்ந்தார்கள். அவர்களுக்குப் பாட்டியோ ஆசிரியரோ பக்கத்து வீட்டுக்காரரோ, நம்பிப் போக ஒரு பெரியவர் இருந்தார். அவரைப் பெரும்பாலும் பிள்ளைகளே தேடிப் பிடித்திருந்தார்கள். துணைக்கோடலேதான்.

அமெரிக்காவில் 1904 முதல் இயங்கும் ‘பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்’ அமைப்பு, பிள்ளைகளுக்கு அண்ணன், அக்கா போல ஒருவரைச் சேர்த்துவைக்கிறது. 10 முதல் 16 வயது வரையான 959 பேரை வைத்து நடந்த ஆய்வு 1995-இல் வந்தது. துணை கிடைத்தவர்களில் புதிதாகப் போதைப்பொருள் தொட்டவர்கள், காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிட 46 சதவீதம் குறைவு. எல்லோரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். 2002-இல் ஆய்வாளர்கள் கிராஸ்மனும் ரோட்ஸும் அதே தரவை மறுபடி எடுத்து, உறவு எத்தனை நாள் நீடித்தது என்று பிரித்துப் பார்த்தார்கள். ஓராண்டுக்கு மேல் நீடித்தவர்களுக்கே பலன் அதிகம். மூன்று மாதத்துக்குள் முறிந்துபோனவர்களுக்குத் தன்மதிப்பு முன்பைவிடக் குறைந்திருந்தது. அரைகுறையாக வந்து போகும் மென்டர், வராமலே இருப்பதைவிட மோசம். செமஸ்டருக்கு ஒரு முறை மென்டரை மாற்றும் கல்லூரிகளுக்கு இந்த ஒரு வரியையாவது அனுப்பலாம்.

மெஸ் அண்ணனிடம் பிறகு கேட்டேன், அவனிடம் என்ன பேசினீர்கள் என்று. “பெருசா ஒண்ணும் இல்ல சார். தோசையைப் பிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். என்ன தம்பி, உப்பு சேரலையான்னு கேட்டேன். மறுநாளும் வந்து அதே இடத்துல உக்காந்தான். மூணாவது வாரம் அவனாத்தான் சொன்னான்.” மூன்று வாரம் அவர் எதையும் தோண்டவில்லை. அதே நேரத்தில் அதே இடத்தில் இருந்திருக்கிறார், அவ்வளவுதான்.

திட்டத்தின் பெயர்ப்பலகைக்கு ‘வழிகாட்டி’ போதும். உறவைச் சொல்லும்போது ‘உசாத்துணை’ என்று எழுதுங்கள்: ‘முதலாண்டு மாணவருக்கு மூத்த மாணவர் ஒருவர் உசாத்துணையாக இருப்பார்.’ மென்டிக்கு இணையாக ‘உசாத்துணை பெறுபவர்’ என்றெல்லாம் நீட்ட வேண்டாம். மாணவர் என்றோ இளையவர் என்றோ சொன்னால் போதும். மெஸ்ஸில் அவனுக்கு ‘தம்பி’ என்றுதான் பெயர்.