கங்காருவின் எடைக்குக் கணக்கு வைத்திருக்கும் குதிகால்

வாசகர் ஒருவர் ஒரு புகைப்படத்தை அனுப்பிக் கேட்டிருந்தார். தகர வாளியைக் கைகளால் நசுக்கிப் பிடித்தபடி, குத்துச்சண்டை வீரனின் தோள்களோடு ஒரு கங்காரு நிற்கிறது. இது உண்மையா, கணினியில் செய்த வேலையா என்பது அவர் கேள்வி. உண்மைதான். ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அருகே ஒரு காப்பகத்தில் வளர்ந்த ரோஜர் என்ற ஆண் செங்கங்காரு அது. உயரம் சுமார் 2 மீட்டர், எடை 89 கிலோ. 2018 டிசம்பரில் தன் 12ஆவது வயதில் இறந்தது. கடிதத்தின் கடைசி வரியில் அவர் கேட்டிருந்த இன்னொரு கேள்விதான் எனக்கு அதிகம் பிடித்தது: "அதே இனத்துப் பெண் கங்காருக்கள் ஏன் இதில் பாதிகூட இல்லை?"

கங்காரு என்றதும் நம் மனத்தில் வருவது ஒரே உருவம். ஆனால் கங்காருக்களும் அவற்றின் நெருங்கிய சொந்தங்களும் எடையில் வியக்கத்தக்க அளவுக்கு வேறுபடுகின்றன. வடக்குக் குயின்ஸ்லாந்தின் மழைக்காட்டில் வாழும் கஸ்தூரி எலிக்கங்காரு அரைக் கிலோதான் இருக்கும். அது இரண்டு காலில் தாவுவதே இல்லை, நான்கு காலிலும் துள்ளி ஓடும். ராட்னெஸ்ட் தீவின் குவோக்கா மூன்று, நான்கு கிலோ. நியூகினியின் மரக்கங்காருக்களை ஒரு நடுத்தர நாயின் எடையில் சேர்க்கலாம். சாம்பல் கங்காருக்களும் செங்கங்காருவும் பட்டியலின் உச்சியில் இருக்கின்றன. இன்று உயிரோடிருக்கும் பைப்பாலூட்டிகளில் ஆண் செங்கங்காருவை விடப் பெரியது எதுவும் இல்லை.

இனங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டை விட ஒரே இனத்துக்குள் இருக்கும் வேறுபாடு சுவையானது. செங்கங்காருவின் கர்ப்பம் 33 நாட்கள். பிறக்கும் குட்டி ஒரு கிராம்கூட இருக்காது. அந்தத் துளி உயிர் தாயின் ரோமத்தைப் பற்றி ஏறிப் பைக்குள் போய்ச் சேர்ந்து, ஏறத்தாழ எட்டு மாதம் அங்கே வளர்கிறது. வெளியே வந்த பிறகு ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே வளரத் தொடங்குகின்றன. ஒன்றரை, இரண்டு வயதில் பெண் தாயாகத் தொடங்கியதும் அதன் வளர்ச்சி மெதுவாகிவிடுகிறது. மேய்ந்த புல்லெல்லாம் பாலாகிப் போகிறது. நல்ல மழைக்காலத்தில் ஒரு தாய்க்குக் காலடியில் ஒரு குட்டி, பைக்குள் ஒரு குட்டி, கருப்பையில் வளர்ச்சி நிறுத்தப்பட்டுக் காத்திருக்கும் ஒரு கரு என்று மூன்று பிள்ளைகள் ஒரே நேரத்தில் இருக்கும். உடலைப் பெருக்க அதற்கு மிச்சம் ஏது? பெரும்பாலான பெண்கள் 25, 30 கிலோவுக்குப் பக்கத்திலேயே நின்றுவிடுகின்றன.

ஆணுக்கு அந்தச் செலவு இல்லை. முதிர்ந்த பிறகும் அது பல ஆண்டுகள் வளர்ந்துகொண்டே போகிறது. கூட்டத்தில் மேலோங்கி நிற்கும் ஆணுக்கே பெரும்பாலான இணைகள் கிடைப்பதால், ஒவ்வொரு கிலோவும் சந்ததியாக மாறுகிறது. சண்டையில் ஆண்கள் கைகளால் எதிரியைப் பிடித்து வளைக்கின்றன. மேற்கத்திய சாம்பல் கங்காருக்களில் ஆணின் கைத்தசைகள், உடல் வளரும் விகிதத்தையும் மிஞ்சி வளர்கின்றன என்று 2013இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். ரோஜரின் தோள்களுக்கு விளக்கம் அதில் இருக்கிறது.

வயதும் பாலினமும் ஒரே இடத்தில் எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு ஒரு பழைய பதிவு உண்டு. 1802 மார்ச்சில் ஆங்கிலேயக் கடலோடி மாத்யூ ஃபிளிண்டர்ஸ் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஒரு தீவில் இறங்கினார். மனிதரை அறியாத கங்காருக்கள் அங்கே ஓடாமல் நின்றன. அவருடைய ஆட்கள் ஒரே நாளில் 31 கங்காருக்களைக் கொன்று சாப்பிட்டார்கள். அவற்றில் மிகச் சிறியது 69 பவுண்டு, மிகப் பெரியது 125 பவுண்டு என்று அவர் குறித்து வைத்தார். நம் கணக்கில் 31 கிலோவும் 57 கிலோவும். அந்தத் தீவின் பெயர் இன்றும் கங்காரு தீவுதான்.

இனி, நான் மெதுவாகச் சொல்ல விரும்பும் பகுதி. வளர்ந்தால் லாபம் என்றால், ஆண் கங்காரு ஏன் 200 கிலோ வரை வளர்வதில்லை? அதற்கான விடையில் பெரும்பங்கு குதிகாலுக்கு மேலே, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில் உள்ளது.

1973இல் டெரன்ஸ் டாசன், ரிச்சர்ட் டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் செங்கங்காருக்களை ட்ரெட்மில்லில் ஏற்றி, முகமூடி மாட்டி, அவை எவ்வளவு ஆக்சிஜன் செலவழிக்கின்றன என்று அளந்தார்கள். மனிதனோ குதிரையோ நாயோ வேகமாக ஓட ஓட ஆக்சிஜன் செலவு ஏறும். கங்காரு மெதுவாக நகர்ந்தபோது அதற்கும் செலவு விறுவிறுவென்று ஏறியது. அந்த நிலையில் அது வாலை ஐந்தாவது காலாக ஊன்றி நடக்கிறது. மிகவும் களைப்பூட்டும் நடை அது. தாவத் தொடங்கியதும் செலவைக் காட்டும் வரைபடக் கோடு நிமிர்ந்து ஏறுவதை நிறுத்திவிட்டது. மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டியும் செலவு கூடவில்லை, சற்றே குறையவும் செய்தது. இப்படி ஒரு சோதனைக்குப் பணம் கேட்டால், கங்காருவை ஓடவிட்டு யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் இருப்பார்கள். அன்று யாரோ அந்தக் கேள்வியைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். உடனடிப் பயனைக் காட்டச் சொல்லி நிதியை மறுக்கும் வழக்கம் அறிவியலுக்குச் செய்யும் கேடு என்றே நான் நினைக்கிறேன்.

செலவு எப்படிக் கூடாமல் இருக்கிறது? கால் தரையைத் தொடும்போது உடலின் எடை கணுக்காலை மடக்குகிறது. கெண்டைக்காலின் குட்டையான தசை நீளம் மாறாமல் இறுகி நிற்கிறது. அதன் கீழே உள்ள நீண்ட தசைநாண் ரப்பர் பட்டைபோல இழுபட்டு ஆற்றலைச் சேமிக்கிறது. அடுத்த கணமே சுருங்கி, அந்த ஆற்றலைத் தாவலுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. வேகம் கூட்ட வேண்டுமானால் கங்காரு அடிக்கடி தாவுவதில்லை, நீளமாகத் தாவுகிறது. தாவல் நீள நீளத் தரையில் விழும் விசை கூடுகிறது, தசைநாண் மேலும் இழுபடுகிறது, திரும்பி வரும் ஆற்றலும் கூடுகிறது.

இதில் எடைக்கு என்ன வேலை? ஒரு விலங்கின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்குங்கள். எடை எட்டு மடங்காகும். தசைநாணின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்குதான் ஆகும். ஆகவே தசைநாணின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் முன்பைப்போல இரண்டு மடங்கு விசையைச் சுமக்க வேண்டும். சின்ன உடலுக்கு எடை போதாது, தசைநாண் சரியாக இழுபடாது, திரும்பக் கிடைப்பதும் சொற்பம். உடல் பெருக்கப் பெருக்கத் திரும்பக் கிடைக்கும் பங்கு கூடுகிறது. தாவலின் சிக்கனம் பெரிய உடலுக்கு வாய்த்த வரம்.

இதன் இன்னொரு விளைவை 1998இல் வாலபிகளிடம் கண்டார்கள். வாலபி என்பது கங்காருவின் சிறிய உறவு. பையில் குட்டியைச் சுமந்து தாவும் தாய், வெறும் பையோடு தாவும்போது செலவழிக்கும் அதே ஆக்சிஜனைத்தான் செலவழித்தது. குட்டியின் எடை தசைநாணைக் கூடுதலாக இழுக்கிறது. கூடுதலாக இழுபட்டது கூடுதலாகத் திரும்புகிறது. பிள்ளையைச் சுமந்து ஓடும் தாய்க்குக் கூலி கேட்காத ஒரு கால் அமைந்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஆனால் தசைநாணுக்கு ஓர் அறுந்துபோகும் எல்லை உண்டு. எடை ஏற ஏற அது அந்த எல்லையை நெருங்குகிறது. தடிமனாக்கிக்கொள்ளலாம், ஆனால் தடித்தது நீளாது; நீளாதது ஆற்றலைச் சேமிக்காது. இன்றைய கங்காருவின் உடலமைப்பை அப்படியே பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 150 கிலோவில் தசைநாண் தாங்காது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சண்டை ஆணை மேலே இழுக்கிறது, குதிகால் கீழே பிடிக்கிறது; ரோஜர் போன்ற ஆண்கள் 90 கிலோவுக்குப் பக்கத்தில் நிற்கின்றன.

அந்த எல்லையைக் கடந்த கங்காருக்களும் இருந்திருக்கின்றன. சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்துபோன புரோகாப்டோடான் கோலியா ஏறத்தாழ 230 கிலோ இருந்தது. குட்டை முகமும், பின்னங்காலில் ஒற்றை விரலும் கொண்ட இந்தக் குழு இரண்டு காலில் நடந்தே சென்றிருக்கும் என்று 2014இல் தொல்லுயிரியலாளர் கிறிஸ்டின் ஜானிஸ் குழுவினர் வாதிட்டார்கள். குதிகால் எலும்பில் தடித்த தசைநாணுக்கு இடம் இருந்ததால் குறுந்தாவல்கள் முடிந்திருக்கும் என்பது எதிர்வாதம். எனக்கு இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றவில்லை. ஆபத்து வந்தால் நான்கு தாவல் தாவவும், மற்ற நேரமெல்லாம் நடந்து மேயவும் தடித்த தசைநாண் போதுமானது. பாலைவனத்தைச் செலவில்லாமல் கடக்கத்தான் அது உதவாது.