எந்த ஆண்டின் கோட்டை?

பழங்கட்டடங்களைச் சீரமைப்பது என் தொழில். முதல் சந்திப்பில் உரிமையாளர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "பழையபடியே ஆக்கிக் கொடுத்துடுங்க." எந்தக் காலத்துப் பழையபடி என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். அப்போது வட பிரான்சின் இரண்டு கிராமக் கோட்டைகளைப் பற்றிச் சொல்வேன்.

ஒன்று பியர்ஃபோன். ஒர்லேயான் கோமகன் லூயி 1390-களில் கட்டத் தொடங்கியது. 1407-இல் அவர் பாரிஸில் கொல்லப்பட்டார். 1617-இல் அரச படை கோட்டையைப் பிடித்து, கூரைகளை அழித்து, கோபுரங்களைப் பிளந்துவிட்டுப் போனது. அப்புறம் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இடிபாடுதான். 1857-இல் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அதைக் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-டுக்கிடம் ஒப்படைத்தார். ஒரு பகுதியைக் குடியிருக்கத் தக்கதாக்குவது என்று தொடங்கிய வேலை முழு அரண்மனையாக வளர்ந்தது. பெருமண்டபத்தில் நிற்கும் வீராங்கனைச் சிலை ஒன்றுக்குப் பேரரசி யூஜெனியின் முகம்! ஒரு கட்டடத்தை எந்தக் காலத்திலும் இருந்திராத முழுமைக்குக் கொண்டுவருவதும் சீரமைப்பே என்று வெளிப்படையாகவே எழுதியவர் வியோலே-லெ-டுக். 1870-இல் ஆட்சி கவிழ்ந்தது. 1885-இல் வேலை நின்றது. சில அறைகள் இன்றும் அரைகுறை.

அவரை மோசடிக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. இடைக்காலக் கட்டுமானத்தை அவரளவு அறிந்தவர்கள் அன்று குறைவு. ஆனால் அவர் தொடுவதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்பதைச் சுவரில் படிக்க முடியாது. பழைய வரைபடங்களையும் படங்களையும்தான் நம்ப வேண்டும்.

இன்னொன்று கூசி, அங்கிருந்து சுமார் 30 கி.மீ. 13-ஆம் நூற்றாண்டில் கூசியின் பிரபு மூன்றாம் ஆங்கெரான் எழுப்பிய நடுக்கோபுரம் 50 மீட்டருக்கு மேல் உயரம், 30 மீட்டருக்கு மேல் விட்டம். 1652-இல் பிரான்சின் முதன்மை அமைச்சர் மஸரானின் ஆணைப்படி கோட்டையைத் தகர்த்தார்கள், கோபுரம் நின்றது. 1692 நிலநடுக்கத்தில் மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டது. அதே வியோலே-லெ-டுக் இங்கே இரும்புப் பட்டைகளைச் சுற்றி இறுக்கி, மேலே கூரை போட்டார். அவ்வளவுதான். என் கண்ணில் அவருடைய நல்ல வேலை இதுதான். 1917 மார்ச்சில் பின்வாங்கிய ஜெர்மன் படை வெடி வைத்துத் தகர்த்தது. மீண்டும் கட்டவில்லை, கற்குவியலையே போரின் சான்றாக விட்டார்கள்.

ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நிற்க வேண்டும் என்கிறது, பழங்கட்டடப் பாதுகாப்புக்கான சர்வதேச நெறிமுறையான 1964-இன் வெனிஸ் சாசனம். ஆகவே, வேலைக்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளந்து படம் எடுக்கச் சொல்லுங்கள். புதிதாக வைத்த கல்லில் ஆண்டைப் பொறிக்கச் சொல்லுங்கள். சுண்ணாம்புக் காரையால் கட்டிய சுவரில் சிமென்ட் பூச யாராவது கிளம்பினால் உடனே நிறுத்துங்கள். ஈரம் காரை வழியே வெளியேற முடியாமல் கல்லுக்குள் போகும். உப்பு அங்கே படிகமாகிக் கல்லைப் பொடியாக்கும். சிமென்ட் மட்டும் அப்படியே நிற்கும்.