டாகா சட்டமும் இல்லை, கிரீன் கார்டும் இல்லை

இந்த மாதமும் அதே கேள்வி. "பையனுக்கு இருபத்தொண்ணு முடிஞ்சுது மேடம், எச்-4 போயிடுச்சு, டாகா போட்டுட்டோம், ஒர்க் பெர்மிட் எப்போ வரும்?" எச்-4 என்பது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா. டாகா (DACA) என்பது சிறுவயதில் அமெரிக்காவுக்கு வந்து, சட்டப்படி தங்கும் அனுமதி இல்லாதவர்களை நாடு கடத்தாமல் விடும் ஏற்பாடு. விண்ணப்பத்தைப் போட்டுக் கொடுத்தவர் வழக்கறிஞர்கூட இல்லை, யாரோ ஒரு 'கன்சல்டன்ட்'. பணம் வாங்கியிருக்கிறார், ரசீதும் கொடுத்திருக்கிறார். அந்தப் பையன் அமெரிக்காவுக்கு வந்ததே 2013-இல். டாகாவுக்கு 2007 ஜூன் 15 முதல் தொடர்ந்து இங்கே வசித்திருக்க வேண்டும். படிவத்தோடு வரும் விளக்கக் குறிப்பைப் புரட்டியிருந்தாலே விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். இவர்கள் காத்திருந்த நேரத்தில் ஐ-94 (எதுவரை தங்கலாம் என்று காட்டும் பதிவு) காலாவதியாகி எட்டு மாதம் ஓடிவிட்டது. அதனால் என்ன ஆகும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

குடியேற்றச் சட்டத்தில் தொழில் செய்யும் எங்களுக்கு இந்தக் குழப்பம் அலுத்துவிட்டது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாகா என்று ஒரு சட்டம் கிடையாது. அமெரிக்க நாடாளுமன்றம் அப்படி எதையும் நிறைவேற்றவில்லை. 2012 ஜூன் 15 அன்று ஒபாமா அரசின் உள்நாட்டுப் பாதுகாப்புச் செயலர் ஜேனட் நபோலிடானோ கையெழுத்திட்ட மூன்று பக்கக் குறிப்பாணை, அவ்வளவுதான் அதன் ஆரம்பம். பதினாறு வயதுக்கு முன் இங்கே வந்து, அந்தத் தேதியில் முப்பத்தொன்று நிரம்பாமல், முறையான ஸ்டேட்டஸ் (சட்டப்படி தங்கும் தகுதி) எதுவும் இல்லாமல், படித்துக்கொண்டோ பள்ளி முடித்தோ இருப்பவர்களை 'இப்போதைக்கு நாடு கடத்த மாட்டோம்' என்று அரசு சொன்னது. அதுவும் இரண்டிரண்டு ஆண்டுகளாக. கூடவே வேலை அனுமதி அட்டை, அதை வைத்து சோஷியல் செக்யூரிட்டி எண். கிரீன் கார்டு கிடையாது, குடியுரிமைக்கு வழி கிடையாது, மத்திய அரசின் கல்வி உதவித்தொகையும் கிடையாது. இது எந்த உரிமையையும் தராது, அதைத் தர நாடாளுமன்றத்தால்தான் முடியும் என்று அந்தக் குறிப்பாணையின் கடைசியிலேயே எழுதியிருக்கிறது. அந்தக் கடைசிப் பத்தியை யாரும் படிப்பதில்லை. இந்தப் பிள்ளைகளை 'டிரீமர்கள்' என்பார்கள்; டிவியில் 'டிரீமர்களுக்கு வெற்றி' என்று ஓடுகிற வரியைத்தான் படிக்கிறார்கள்.

சரி, நாடாளுமன்றம் என்ன செய்தது? இவர்களுக்குக் கிரீன் கார்டுக்கு வழி தரும் மசோதாவான டிரீம் ஆக்ட் முதலில் வந்தது 2001-இல். கொண்டுவந்தவர்கள் செனட்டில் குடியரசுக் கட்சியின் ஆரின் ஹேட்ச், ஜனநாயகக் கட்சியின் டிக் டர்பின், அதாவது இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து. 2007-இல் செனட்டில் 52 பேர் ஆதரித்தும் விவாதத்துக்கே எடுக்க முடியவில்லை, 60 வேண்டும். 2010 டிசம்பரில் கீழவை 216-198 என நிறைவேற்றியது. பத்தே நாளில் செனட்டில் 55-41, மறுபடியும் அந்த 60 எட்டவில்லை. ஐந்து ஜனநாயகக் கட்சியினரே எதிர்த்து வாக்களித்தார்கள். முதன்முதலில் மசோதாவை எழுதிய ஹேட்ச் அன்று வாக்களிக்கவே இல்லை. இதை நான் அடிக்கடி சொல்வேன், ஏனென்றால் 'அடுத்த தேர்தலில் இந்தக் கட்சி வந்தால் சரியாகிவிடும்' என்று நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் என் மேசைக்கு எதிரே வாராவாரம் வருகிறார்கள். 2013-இல் செனட் பெரிய குடியேற்றச் சீர்திருத்த மசோதாவை 68-32 என நிறைவேற்றியபோது கீழவை அதை எடுத்துப் பார்க்கக்கூட இல்லை. 2019, 2021 இரண்டிலும் கீழவை நிறைவேற்றியது, செனட்டில் தூங்கியது. ஒரு அவை எழுந்தால் இன்னொரு அவை படுத்துக்கொள்ளும்.

அப்புறம் நீதிமன்றங்கள். 2017 செப்டம்பரில் டிரம்ப் அரசு டாகாவை நிறுத்துவதாக அறிவித்தது. 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-4 என அந்த முடிவைத் தள்ளுபடி செய்தது. 'உச்ச நீதிமன்றமே டாகா செல்லும்னு சொல்லிடுச்சே' என்பார்கள். சொல்லவில்லை. நிறுத்திய விதத்தில் உரிய காரணம் காட்டவில்லை என்றுதான் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். ஒழுங்காகக் காரணம் காட்டி நிறுத்த முடியாது என்று எங்கேயும் இல்லை. அடுத்த ஆண்டே, 2021 ஜூலையில், டெக்சாஸ் நீதிபதி ஆண்ட்ரூ ஹேனன் டாகாவே சட்டவிரோதம் என்றார். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் புதுப்பிக்கலாம், புதிதாக யாருக்கும் தரக்கூடாது என்பது அதன் சாரம். அதற்குப் பிறகு புது விண்ணப்பம் போட்டால் வாங்கிக்கொள்வார்கள், முடிவு மட்டும் வராது. அந்தக் கன்சல்டன்ட் கொடுத்த ரசீதுக்கு மதிப்பு அவ்வளவுதான்.

சில தமிழ் வீடுகளில் டாகா பிள்ளைகளைப் பற்றி இன்னொரு பேச்சு கேட்கும், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நாங்க வரிசையில நிக்கறோம், அவங்களும் நிக்க வேண்டியதுதானே?" எந்த வரிசை? ஆறு வயதில் பெற்றோர் தூக்கிவந்த பிள்ளைக்கு, மனுப்போட உறவினரோ முதலாளியோ இல்லையென்றால், நிற்பதற்கு வரிசையே கிடையாது. நீண்டகாலம் இங்கேயே வாழ்ந்தவர்களுக்கு 'ரெஜிஸ்ட்ரி' என்று ஒரு பழைய வழி உண்டு. அதற்கு 1972 ஜனவரி 1-க்கு முன் வந்திருக்க வேண்டும். அந்தத் தேதியை 1986-க்குப் பிறகு யாரும் மாற்றவில்லை. அமெரிக்கக் குடிமகனையே கல்யாணம் செய்துகொண்டாலும், எல்லையில் சோதனை இல்லாமல் வந்தவர் பொதுவாக இங்கிருந்தபடியே கிரீன் கார்டு வாங்க முடியாது. வெளியே போய் விசா வாங்க வேண்டும். போனால் பத்து ஆண்டுத் தடை. விசாவில் வந்து தங்கிவிட்டவர் நிலைமை வேறு, அது தனிக் கதை.

நம் பிள்ளைகள் இதில் எங்கே வருகிறார்கள்? 2012 ஜூன் 15 அன்று ஸ்டேட்டஸ் இருந்தவர்களுக்கு டாகா கிடையாது. எச்-4-இல் ஒழுங்காக இருந்த பிள்ளை அதனாலேயே வெளியே. ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்குக் கிரீன் கார்டில் ஏழு சதவீதம்தான் என்ற உச்சவரம்பில் இந்தியப் பெற்றோரின் கிரீன் கார்டு இழுத்துக்கொண்டே போகிறது, பிள்ளைக்கு 21 ஆகிறது, எச்-4 முடிகிறது. 2021-இல் கீழவை நிறைவேற்றிய மசோதாவில் இவர்களையும் சேர்த்திருந்தார்கள். சொன்னேனே, செனட்டில் தூங்கியது. ஆக, ஸ்டேட்டஸ் இல்லாத மெக்சிகோ பிள்ளையின் பிரச்சினையும் உங்கள் வீட்டுப் பிள்ளையின் பிரச்சினையும் மாட்டிக்கொண்டிருப்பது ஒரே இடத்தில்தான். அவர்களைத் திட்டி உங்களுக்கு ஒன்றும் கிடைக்கப் போவதில்லை.

இப்போது அந்த எட்டு மாதம். பதினெட்டு வயதுக்குப் பிறகு 180 நாளைத் தாண்டி ஸ்டேட்டஸ் இல்லாமல் தங்கிவிட்டு வெளியே போனால் மூன்று ஆண்டு திரும்ப முடியாது. ஒரு ஆண்டைத் தொட்டுவிட்டால் பத்து ஆண்டு. இருபதாவது பிறந்தநாளிலேயே எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறுவதைப் பற்றிப் பேசியிருந்தால் அந்தப் பையன் இன்று வகுப்பில் இருந்திருப்பான். பெற்றோர்களே, பத்தொன்பதிலேயே வாருங்கள், தயவுசெய்து. பிள்ளையின் வயதைச் சட்டப்படி கணக்கிடுவதில் சில கழிவுகள் உண்டு, அதையும் யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே டாகா வைத்திருப்பவர்களுக்கு: முடியும் தேதிக்கு 120 முதல் 150 நாள் முன்பே புதுப்பிக்கப் போடுங்கள், கடைசி வாரத்தில் எனக்குப் போன் செய்து அழாதீர்கள். முகவரி மாறினால் பத்து நாளுக்குள் தெரிவியுங்கள். அட்வான்ஸ் பரோல் (வெளிநாடு போய்த் திரும்ப முன்கூட்டியே வாங்கும் அனுமதி) கையில் இல்லாமல் பாட்டி சாவுக்குக்கூட விமானம் ஏறக்கூடாது, இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஒரு தடவை தண்டனை வாங்கினாலே டாகா போய்விடும். ஓட்டுநர் உரிமம் எடுக்கும் இடத்தில் 'வாக்காளராகப் பதிய விருப்பமா' என்று கேட்டால், இல்லை. எந்தப் படிவத்திலும் 'அமெரிக்கக் குடிமகன்' கட்டத்தில் டிக் அடிக்காதீர்கள். அந்த ஒரு டிக்கை நாங்கள் யாரும் அழிக்க முடியாது. டெக்சாஸில் இருப்பவர்கள் கூடுதல் கவனம்: 2025 ஜனவரியில் ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், நாடு கடத்தாமல் விடும் பகுதியையும் வேலை அனுமதியையும் பிரித்து, அந்த மாநிலத்துக்கு மட்டும் வேலை அனுமதியில் கைவைத்திருக்கிறது. வேலை மாறுவதற்கோ வீடு மாறுவதற்கோ முன் இன்றைய நிலவரத்தைக் கேளுங்கள், போன வருடத்து வாட்ஸாப் தகவலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

யாரிடம் போனாலும் முதலில் எந்த மாநிலத்தில் வழக்கறிஞர் உரிமம் என்று கேளுங்கள், அந்த மாநில வழக்கறிஞர் சங்கத்தின் இணையதளத்தில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கேட்டதற்குக் கோபப்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வரும்போது பிள்ளையின் பழைய பாஸ்போர்ட், எல்லா ஐ-94, பெற்றோரின் ஐ-140 (முதலாளி போட்ட கிரீன் கார்டு மனு) ஒப்புதல் தாள், எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள், போனில் எடுத்த மங்கலான படங்களை அல்ல.