ஆர்.ஜே., குணச்சித்திர நடிகர்: சொல் விளக்கம்

காலை நேரப் பண்பலையில் நேயர்களைச் சிரிக்கவைத்துப் பெயர்பெற்ற ஒருவர் பின்னர் திரைப்படத்துக்கு வந்தால், அவரைப் பற்றிய குறிப்பின் முற்பாதியில் ஆர்.ஜே. என்பதும் பிற்பாதியில் குணச்சித்திர நடிகர் என்பதும் தவறாமல் இடம்பெறுகின்றன. இவ்விரு சொற்களும் எங்கிருந்து வந்தன, இவற்றுக்கு ஈடான தமிழ்ச் சொல் எது என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

ஆர்.ஜே. என்பது ரேடியோ ஜாக்கி என்பதன் சுருக்கம். ஜாக் என்ற ஆண்பெயரின் ஸ்காட்லாந்து வடிவத்திலிருந்து பிறந்த செல்லப்பெயரே ஜாக்கி. அது முதலில் சாதாரண ஆள் ஒருவனையும், பிறகு குதிரை வணிகனையும், பந்தயக் குதிரை ஓட்டுபவனையும் குறித்தது. 1940களில் அமெரிக்க வானொலியில் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு இடையிடையே பேசியவர்களுக்கு டிஸ்க் ஜாக்கி என்ற பெயர் நிலைத்தது. இந்தியத் தனியார் பண்பலைகளில் டிஸ்க் விலகி, அவ்விடத்தில் ரேடியோ வந்து அமர்ந்தது. தமிழரிடையே இச்சுருக்கம் எளிதில் வேரூன்றியதற்கு நம் பெயரிடும் முறையும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது; தந்தை பெயரின் முதலெழுத்து நிற்கும் இடத்தில் தொழிலின் முதலெழுத்துகள் இயல்பாகப் பொருந்திவிட்டன.

அறிவிப்பாளர் என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. அகில இந்திய வானொலியிலும் இலங்கை வானொலியிலும் குரலால் புகழ்பெற்றவர்களை நேயர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். ஆயினும், எழுதி வைத்ததைப் பிழையின்றிச் சொல்லும் பணியே அச்சொல்லில் மேலோங்கி நிற்கிறது. தொகுப்பாளர் என்பது இன்று பரவலாக வழங்குவது, பிழையற்றது. ஆனால் நிகழ்ச்சியை ஒழுங்குபடுத்துபவர் என்ற அளவில் நின்றுவிடும் அச்சொல்லில் நகைச்சுவைக்கு இடமில்லை.

குணச்சித்திரம் என்பதில் குணமும் சித்திரமும் வடசொற்கள். குணச்சித்திர நடிகர் என்பது ஆங்கிலத்தின் கேரக்டர் ஆக்டர் என்பதன் தமிழாக்கம்; அதில் வரும் கேரக்டர் ஒருவரின் இயல்பையும் குறிக்கும், நாடகத்தில் வரும் மாந்தரையும் குறிக்கும். தமிழாக்கியவர்கள் இயல்பு என்னும் முதற்பொருளையே பற்றிக்கொண்டு, குணத்தைச் சித்திரிப்பவர் என்ற பொருளில் இத்தொடரை அமைத்துள்ளனர். கிரேக்க மூலத்தில் கேரக்டர் என்பது பொறிக்கும் கருவியையும் பொறித்த அடையாளத்தையும் குறித்தது என்பதால், சித்திரம் என்ற பகுதி மூலத்துக்கும் அயலாகவில்லை. தூய தமிழில் சொல்ல விரும்புவோர் பண்போவிய நடிகர் என்று ஆக்கலாம். எனினும் தமிழ்நாடு அரசின் திரைப்பட விருதுப் பிரிவிலேயே இடம்பெற்றுவிட்ட குணச்சித்திரத்தை அகற்ற வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. துணை நடிகர் என்று எழுதுவதைத்தான் தவிர்க்க வேண்டும். தமிழ்த் திரைத்துறைப் பேச்சு வழக்கில் அது பெரும்பாலும் கூட்டத்தில் ஒருவராக நிற்பவரையே சுட்டுகிறது.

சிரிக்கவைத்துக்கொண்டே நிகழ்ச்சியை நடத்தி, வேண்டும்போது வேடமும் ஏற்கும் ஒருவருக்கு ஒரே சொல் வேண்டுமானால், அது வட ஆற்காட்டுத் தெருக்கூத்தில் இருக்கிறது. வேலூர், ஆற்காடு, செய்யாறு வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவின்போது விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தில், கதையைத் தொடங்கிவைத்து அவையோருக்கு அறிவிப்பவன் கட்டியங்காரன். அரசனின் வருகையை அவன் புகழோடு முழங்கி அறிவிப்பது கட்டியம். அதைக் கூறுபவன் கட்டியங்காரன். ஆனால் கூத்துக் களத்தில் அவன் பணி அத்துடன் முடிவதில்லை. திரைக்குப் பின்னிருந்து பாடி வெளிவரும் துரியோதனனைப் பார்த்து நீ யார், எந்த ஊர் என்று கேட்பான். விருத்தத்தில் சொல்லப்பட்டதை ஊர்ப்பேச்சில் உடைத்துச் சொல்வான். உள்ளூர்ச் செய்தியைப் புராணத்துக்குள் நுழைத்து எள்ளுவான். தூதுவனோ காவலனோ தேவைப்பட்டால், மறுகணமே அவன்தான் தூதுவன், அவன்தான் காவலன். தொல்காப்பியம் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது. நல்ல கட்டியங்காரன் ஓர் இரவில் நான்கையும் தொட்டுவிடுவான். சீவக சிந்தாமணியில் மன்னனைக் கொன்று நாட்டைக் கவரும் அமைச்சன் பெயரும் கட்டியங்காரனே. அது காஷ்டாங்காரன் என்ற வடமொழிப் பெயரின் தமிழ் வடிவம், இச்சொல்லோடு உறவில்லாதது.

காலைப் பண்பலைத் தொகுப்பாளர் தொலைபேசியில் குரலை மாற்றி வீட்டு உரிமையாளராகவோ வங்கி ஊழியராகவோ பேசி நேயரைக் குழப்பும்போது, உடலின் துணையின்றிக் குரலால் மட்டுமே ஒரு மாந்தரை உருவாக்குகிறார். அத்தகைய தொலைபேசிக் கேலியால் அறியப்பட்ட ஆர்.ஜே. பாலாஜி, 2015இல் வெளிவந்த ‘நானும் ரௌடி தான்’ படத்தில் நாயகனின் நண்பனாகவும், 2019இல் ‘எல்.கே.ஜி.’ படத்தில் நாயகனாகவும் நடித்தார். குரலில் பழகிய மாந்தருக்கு முகமும் உடலும் சேர்ப்பதே இத்தகையோர் திரையில் புதிதாகக் கற்கவேண்டியது. அரங்கில் நேரே நின்று பேசும் கட்டியங்காரனுக்கு அந்தத் தடை இருந்ததில்லை.

ஆகவே, செய்தியிலும் விண்ணப்பத்திலும் பண்பலைத் தொகுப்பாளர், குணச்சித்திர நடிகர் என்றே எழுதலாம். நகைச்சுவையும் வேடமும் ஒருவரிடமே கூடியிருப்பதைச் சுட்ட வேண்டிய கட்டுரையிலோ பாராட்டுரையிலோ, பண்பலைக் கட்டியங்காரர் என்று மரியாதை விகுதியோடு எழுதலாம். வேலூர்ப் பக்கத்து வாசகருக்கு அதை விளக்க வேண்டியிராது.