ஜெய்சல்மேரில் கோதுமை விளைந்தது எப்படி?

ராஜஸ்தானின் மேற்கு எல்லையிலுள்ள ஜெய்சல்மேர் மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை 200 மில்லிமீட்டரை எட்டுவதில்லை. அதிலும் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான சில நாட்களிலேயே பெய்து முடிந்துவிடுகிறது. மழை பொய்த்துப்போகும் ஆண்டுகளும் பல. திறந்த நீர்ப்பரப்பிலிருந்து வெயிலும் காற்றும் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் நீரைக் கொண்டுபோகக்கூடிய இடம் அது. ஒரு கோதுமைப் பயிர் முளைத்துக் கதிர் முற்றுவதற்கோ ஏறத்தாழ 300 முதல் 400 மில்லிமீட்டர் நீர் வேண்டும். அது வளரும் குளிர்காலத்தில் அங்கே மழை அநேகமாகக் கிடையாது. இருந்தும், கால்வாயும் பம்புசெட்டும் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்தப் பாலைவனத்தில் கோதுமையும் கொண்டைக்கடலையும் விளைந்திருக்கின்றன.

இதைச் சாதித்தவர்களில் முதன்மையானவர்கள் பாலிவால் பிராமணர்கள். ராஜஸ்தானின் மார்வார் வட்டாரத்திலுள்ள பாலி நகரத்திலிருந்து 13ஆம் நூற்றாண்டையொட்டி இடம்பெயரத் தொடங்கிய இவர்கள், ஜெய்சல்மேர் அரசில் 84 ஊர்களை அமைத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. ஜெய்சல்மேர் நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குல்தாரா அவற்றுள் ஒன்று. இன்று அது பேய் நடமாடும் ஊர் என்ற பெயரில் சுற்றுலாப் பயணிகளை ஈர்க்கிறது. பேய்க் கதையைக் காட்டிலும் வியப்புக்குரியது அவ்வூர் மக்கள் உண்ட சோறு எங்கிருந்து வந்தது என்பதுதான். அதற்கான விடை கடீன் என்னும் மழைநீர் வேளாண்மை முறையில் இருக்கிறது.

தார்ப் பாலைவனம் என்றதும் மணற்குன்றுகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் மணற்குன்றில் கடீன் அமைக்க முடியாது. அங்கே விழும் மழையை மணலே குடித்துவிடும், ஒரு சொட்டும் ஓடாது. ஜெய்சல்மேர் நகரைச் சுற்றியுள்ள நிலமோ வேறு வகையானது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு, ஜுராசிக் காலத்தில், கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்லும் மணற்கல்லும் அங்கே தாழ்வான மேடுகளாகத் துருத்தி நிற்கின்றன. அவற்றின்மேல் மெல்லிய சரளை மண்தான் இருக்கிறது, செடிகொடிகள் அரிது. இத்தகைய நிலத்தில் மழை வலுத்துப் பெய்யும்போது, நீரை உள்ளிழுக்கும் வேகத்தை மழை விழும் வேகம் மிஞ்சிவிடுகிறது. துளிகளின் அடியில் நுண்மண் கலைந்து துளைகளை அடைக்க, மேற்பரப்பில் ஒரு மெல்லிய ஓடும் உருவாகிறது. அதன்பின் விழும் நீர் சரிவில் வழிந்தோடத்தான் செய்யும். உழவுக்கு உதவாத பாறை என்று பிறர் ஒதுக்கக்கூடிய அந்த மேட்டைப் பாலிவால்கள் வயலின் ஒரு பகுதியாகவே கருதினார்கள்.

வழிந்தோடும் நீர் வந்து சேரும் தாழ்நிலத்தின் கீழ் எல்லையில், சரிவுக்குக் குறுக்கே மண்ணால் ஒரு கரை எழுப்பப்படுகிறது. அதன் உயரம் பெரும்பாலும் ஓர் ஆளின் உயரத்தை ஒட்டியோ சற்று மிகுந்தோ இருக்கும். நீளம் பொதுவாக நூறு முதல் முந்நூறு மீட்டர் வரை போகும். மிகைநீர் வெளியேறக் கல்லாலான கலிங்கும், தேங்கிய நீரை வேண்டும்போது வடித்துவிட மதகும் உண்டு. நீர் தரும் மேட்டின் பரப்பு, நீர் பெறும் வயலின் பரப்பைப் போலப் பத்து முதல் பதினைந்து மடங்கு வரை இருக்க வேண்டும் என்பது அனுபவம் கற்றுத்தந்த விகிதம்.

இந்த விகிதத்தின் பொருளை ஓர் எளிய கணக்கால் அறியலாம். ஒரு ஹெக்டேர் வயலுக்கு 12 ஹெக்டேர் மேடு இருப்பதாகவும், பருவம் முழுதும் 150 மில்லிமீட்டர் மழை பெய்வதாகவும், மேட்டில் விழுவதில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே ஓடி வருவதாகவும் கொள்வோம். மேட்டின் ஒவ்வொரு ஹெக்டேரும் 30 மில்லிமீட்டர் நீரைத் தர, வயலில் 360 மில்லிமீட்டர் சேர்கிறது. வயலின்மீது நேரடியாகப் பெய்ததையும் கூட்டினால் 510 மில்லிமீட்டர். பாலைவன மழையை வாங்கும் வயல், ஓரளவு மழைவளமுள்ள மானாவாரி நிலத்துக்கு நிகராகிவிடுகிறது. மேடு சிறியதாக இருப்பதிலும் ஓர் ஆதாயம் உண்டு: நீர் நெடுந்தூரம் ஓடினால் வழியிலுள்ள மணலிலும் பிளவுகளிலும் மறைந்துவிடும், குறுகிய சரிவில் அந்த இழப்பு குறைவு. எனவே ஒரே பெரிய அணையைக் காட்டிலும் பல சிறு கரைகளே இந்நிலத்துக்கு ஏற்றவை.

இனி வருவதுதான் இம்முறையின் உயிர்நாடி. தமிழ்நாட்டு ஏரியில் நீரைக் கரைக்கு உட்புறம் தேக்கி வைத்து, கரைக்கு வெளியேயுள்ள வயல்களுக்கு மதகு வழியாகப் பாய்ச்சுகிறோம். கடீனிலோ வெளிப்புற ஆயக்கட்டு கிடையாது. நீர் தேங்கும் உட்பரப்பே வயல். மழைக்காலத்தில் தேங்கும் நீர் அக்டோபர் வாக்கில் வற்றும்வரை மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்குகிறது. அதில் ஒரு பகுதி ஆவியாவதைத் தவிர்க்க முடியாது. ஆனால் ஆழமாக இறங்கிய நீர் வெயிலின் பிடியிலிருந்து பெரும்பாலும் தப்பிவிடுகிறது. களி கலந்த வண்டல் மண், ஒரு மீட்டர் ஆழத்துக்குள் ஏறத்தாழ 150 முதல் 200 மில்லிமீட்டர் நீரை வேர்களுக்கு எட்டும் வகையில் பிடித்துவைக்க வல்லது. மணலால் அதில் பாதியளவைப் பிடித்துவைப்பதும் கடினம். கோதுமை வேர் ஒரு மீட்டரைத் தாண்டியும் இறங்கும் என்பதால், நீரை மேலே கொண்டுவர எந்தக் கருவியும் தேவைப்படுவதில்லை.

மண்ணின் மேல்தளம் காய்ந்துவிட்டால் கீழுள்ள ஈரமும் போய்விடாதா என்ற கேள்வி எழலாம். ஈரமான மண்ணில் நீர், துகள்களுக்கிடையிலுள்ள நுண்துளைகள் வழியே தொடர்ச்சியான இழையாக மேலேறி ஆவியாகிறது. மேலே சில சென்டிமீட்டர் உலர்ந்ததும் அந்த இழை அறுபடுகிறது. அதன்பின் நீர் ஆவி வடிவில் காய்ந்த மண்ணின் இடைவெளிகள் வழியே மிக மெதுவாகத்தான் கசிய முடியும். நீர் வற்றியவுடன் உழவர்கள் மேலோட்டமாக உழுது பரம்படிப்பது இதற்காகத்தான். அந்தப் புழுதிப் படலம் அடியிலுள்ள ஈரத்துக்கு மூடியாகிறது.

விதைப்பு நீரின் அளவைப் பார்த்தே முடிவாகும். மழை குறைந்து வயல் நிரம்பாத ஆண்டில், மழைக்காலத்திலேயே கம்பு, சோளம், கொத்தவரை போன்றவற்றை விதைத்துவிடுவார்கள். நன்கு நிரம்பிய ஆண்டில் நீர் வற்றும்வரை காத்திருந்து, ஈரம் மிகுந்த கரையோரத்தில் கோதுமையையும், ஈரம் குறைந்த விளிம்புகளில் கொண்டைக்கடலையையும் விதைப்பார்கள். அதன்பின் அறுவடைவரை பாசனம் என்ற பேச்சே இல்லை. விளைச்சல் பாசன வயலுக்கு ஈடாகாதுதான். ஆனால் பாசனத்துக்கான செலவும் இல்லை.

பாலைவனப் பாசனங்களைப் பல இடங்களில் அழித்தது உவர். நீர் ஆவியானாலும் அதில் கரைந்திருந்த உப்பு நிலத்திலேயே தங்கி, நாளடைவில் வயலைப் பாழாக்கிவிடும். கடீன் இதற்கு இரண்டு வழிகளில் ஈடுகொடுத்தது. நீர் கீழ்நோக்கியும் கரைக்கு அடியிலும் கசிந்து செல்லும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு போகிறது. விதைப்புக்கு முன் எஞ்சி நிற்கும் நீரை மதகைத் திறந்து வெளியேற்றும்போது இன்னும் ஒரு பகுதி நீங்குகிறது. கரைக்குப் பின்னால் தோண்டப்பட்ட கிணறுகள் குடிநீர் தந்ததோடு இந்தக் கசிவுக்கும் வழிவிட்டன. மேட்டில் மேயும் ஆடுமாடுகளின் எரு, நுண்மண்ணோடு சேர்ந்து ஒவ்வொரு மழையிலும் வயலுக்கு வந்துவிடுவதால் தனியே உரமிட வேண்டியதும் இல்லை. ஆண்டுதோறும் படியும் இந்த வண்டல், மண்ணின் நீர்பிடிக்கும் ஆற்றலையும் கூட்டுகிறது. ஆகவே பழைய கடீன் புதியதைவிட நன்றாக விளையும்.

இத்தனைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. ஒருவருடைய வயலுக்கு வரும் நீர் பலருடைய மேய்ச்சல் நிலத்திலிருந்து வருகிறது. மேட்டை எவரும் உழக் கூடாது. கரை உடைந்தால் அடுத்த மழைக்குள் அடைத்தாக வேண்டும். ஊர் கூடி நடத்த வேண்டிய வேளாண்மை இது. உழவோடு வணிகத்திலும் வட்டித் தொழிலிலும் தழைத்த பாலிவால்களிடம் அதற்கான பொருளும் கட்டுக்கோப்பும் இருந்தன.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர்கள் வெளியேறினார்கள். ஜெய்சல்மேர் அரசின் திவான் (முதலமைச்சர்) சாலிம் சிங் ஊர்த்தலைவரின் மகளை விரும்பியதால் 84 ஊர்களும் ஒரே இரவில் சாபமிட்டுக் கிளம்பின என்கிறது கதை. எனக்கு அந்த ஒரே இரவில் நம்பிக்கையில்லை. கடும் வரிவசூல், வற்றிப்போன கிணறுகள், கடல்வழி வணிகம் பெருகியதால் நலிந்த ஒட்டகப் பாதைகள் ஆகியவை சேர்ந்து பல ஆண்டுகளில் ஊர்களைக் காலியாக்கியிருக்கும் என்பதே பொருந்தி வருகிறது. குல்தாராவின் இடிபாடுகளைக் கொண்டு நிலநடுக்கத்தைக் காரணம் காட்டும் நிலவியலாளர்களும் உண்டு.

மக்கள் போனாலும் கரைகள் பலவும் எஞ்சின. பிற சமூகத்தவர் அவற்றில் இன்றும் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைக்கிறார்கள். ஜோத்பூரிலுள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம் இம்முறையை ஆராய்ந்து வந்திருக்கிறது. 1980களில் இந்திரா காந்தி கால்வாய் ஜெய்சல்மேரை எட்டியபின் மாவட்டத்தின் ஒரு பகுதி பாசன நிலமாயிற்று. நிலத்தடியில் கெட்டியான அடுக்குகள் உள்ள இடங்களில் கால்வாய் நீர் வடிய வழியின்றித் தேங்கி, மண் உவராகிய சிக்கலும் அதோடு வந்தது. கடீன்களுக்கு இன்று ஏற்படக்கூடிய இடர் வேறு வகையானது. நீர் தரும் பாறைமேட்டின் குறுக்கே ஒரு சாலையோ கல் குவாரியோ அமைந்தால், கரையும் கலிங்கும் பழுதில்லாமல் இருந்தும் ஓடிவரும் நீர் திசைமாறிவிடும். பழுதுபார்க்கும் திட்டங்கள் கரையின் நீளத்தையும் உயரத்தையும் மட்டும் அளந்தால் போதாது. மேட்டின் எல்லையையும் அளந்து, அதை மேய்ச்சல் நிலமாகவே பதிவு செய்தாலொழிய அந்தச் செலவு பயன் தராது.