சுண்ணாம்பு தடவிய கலயத்துக்குள் என்ன நடக்கிறது?

சாயல்குடிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஒரே பனையில் இரண்டு பாளை. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர், தடவாததில் கள். அந்தச் சுண்ணாம்பு அப்படி என்ன செய்கிறது?"

ஓலையில் உருவான சர்க்கரை, மரத்துக்குள் உணவைக் கடத்தும் புளோயம் என்ற நுண்குழாய்கள் வழியாகப் பாளைக்கு வருகிறது. நுனியைச் சீவினால் சொட்டுகிறது. நாள்தோறும் மெல்லிசாகச் சீவாவிட்டால் குழாய்கள் அடைத்துக்கொள்ளும். லிட்டருக்குச் சுமார் 120 கிராம் சர்க்கரை, பெரும்பாலும் சுக்ரோஸ். புளிப்பு, கார அளவைச் சொல்லும் பி.எச். 7ஐ ஒட்டியிருக்கும்; 7 நடுநிலை, குறைந்தால் புளிப்பு, கூடினால் காரம். திராட்சைச் சாறு பிறவியிலேயே புளிப்பு, பி.எச். 3 முதல் 4. அதனால் பல பாக்டீரியாக்கள் அதில் தலையெடுப்பதில்லை. பனஞ்சாற்றுக்கு அந்தக் காவல் கிடையாது. ஈஸ்ட்டும் லாக்டிக் பாக்டீரியாவும் சில மணி நேரத்தில் பெருகிவிடும். சர்க்கரையின் எடையில் ஏறக்குறைய பாதி கரியமில வாயுவாக நுரைத்துப் போக, 4 முதல் 6 சதவீத ஆல்கஹாலுடன் கள் நிற்கும். தாமதித்தால் காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு அசிட்டிக் பாக்டீரியா அதைக் காடியாக்கிவிடும்.

சுண்ணாம்பின் அழகு, அது குறைவாகக் கரைவதில்தான் இருக்கிறது. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு, ஒரு லிட்டர் நீரில் 1.6 கிராம் அளவே கரையும், அதுவே பி.எச்.சை 12க்கு மேல் ஏற்றப் போதும். அந்தக் காரத்தில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் பெருக முடியாது. சர்க்கரை நீரில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கரையும். மிச்சம் கலயத்தின் உட்சுவரில் பூச்சாகவே காத்திருக்கும். தப்பிய பாக்டீரியா அமிலம் சுரந்தால், அது நடுநிலையாக்கப்படும் அளவுக்குச் சுவரிலிருந்து புதிய சுண்ணாம்பு கரைந்து இறங்கும். யாரும் அளந்து ஊற்றாமல் இரவு முழுக்கத் தானே நடக்கும் ஏற்பாடு இது!

இதனால் இன்னொன்றும் காக்கப்படுகிறது. ஈஸ்ட்டின் இன்வெர்ட்டேஸ் நொதி சுக்ரோஸை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைக்கும். அதற்குப் பிடித்தது பி.எச். 4.5 அளவிலான புளிப்பு. கார நீரில் அது முடங்கிவிடும். உடைந்த சர்க்கரை கூடினால் காய்ச்சும்போது படிகம் பிடிக்காது. சிரட்டையில் ஊற்றிய பாகு இறுகாமல் பிசுபிசுக்கும். ஃபிரக்டோஸ் ஈரத்தை இழுக்கும் என்பதால், மாரியூர், வாலிநோக்கம் போன்ற கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றில் கருப்பட்டி கசியும். இதைக் கண்ணேறு என்று சொல்லிச் சுற்றிப்போட்டுப் பயனில்லை. கலயத்தைப் பாருங்கள்.

நேற்றைய பூச்சு காற்றின் கரியமில வாயுவை வாங்கி கால்சியம் கார்பனேட்டாகியிருக்கும். வெள்ளையாகத்தான் தெரியும், காரம் இருக்காது. அதைச் சுரண்டிவிட்டுப் புதுச் சுண்ணாம்பு தடவ வேண்டும். மண்கலயத்தின் நுண்துளைகளில் பழைய ஈஸ்ட் தங்கும். வெந்நீரில் அலசுவது அவசியம். பூச்சு அதிகமானாலும் கெடுதல்: பதநீர் நாக்கைச் சுடும், காய்ச்சும் கொப்பரையில், உடைந்த சர்க்கரையோடு சுண்ணாம்பு வினைபுரிந்து பாகு கறுக்கும். பதநீரைத் தெளியவைத்து, அடிவண்டலை விட்டு வடித்துக் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டிக்கு 8 லிட்டருக்கு மேல் ஆகும்.

தலைமுறை தலைமுறையாகப் பனையேறும் குடும்பங்கள் பூச்சின் அளவைக் கைப்பழக்கத்தில் வைத்திருக்கின்றன. பங்குனியில் எவ்வளவு, ஆனி வெயிலில் எவ்வளவு என்பதை பி.எச். மீட்டரோடு மரத்தடியில் அளந்து பதிவுசெய்ய, பெரிய ஆய்வகம் தேவையில்லை. மாநில மரம் என்று பனையைக் கொண்டாடும் அரசு, இந்த எளிய ஆய்வுக்கு முதலில் பணம் ஒதுக்க வேண்டும். அளப்பவர்களில் பனையேறிகளும் கூலியோடு இடம்பெற வேண்டும்.